மனச்சோர்வுக்கு மருந்து: பெண்கள் முடிவெடுக்க உதவும் அறிவியல்

மனச்சோர்வும் பதற்ற நோயும் சிகிச்சையால் தணியக்கூடியவை. அந்தச் சிகிச்சையில் மருந்துக்கு முக்கிய இடம் உண்டு. ஆனால் மருந்தைத் தொடங்குவதா, எதைத் தேர்ந்தெடுப்பது, கருவுற்றால் தொடர்வதா, எப்போது நிறுத்துவது என்ற கேள்விகளுக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. மாதவிடாய், கர்ப்பம், பிரசவம், தாய்ப்பால், மாதவிடாய் நிற்கும் வயது என்று பெண்ணுடலின் ஒவ்வொரு கட்டமும் நோயின் போக்கையும் மருந்துத் தேர்வையும் மாற்றக்கூடியது. மருந்தால் வரும் கெடுதல் பற்றி வீட்டிலும் வெளியிலும் நிறையப் பேசப்படுகிறது. நோயை அப்படியே விட்டுவிட்டால் வரும் கெடுதல் பற்றிய பேச்சு மிகக் குறைவு. இரண்டையும் தராசின் இரு தட்டுகளிலும் வைத்துப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

பெண்களிடம் நோய் வெளிப்படும் விதம்

மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் சுமார் 50% அதிகம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சிறு வயதில் ஆண், பெண் வேறுபாடு பெரிதாக இல்லை. பூப்பெய்தும் பருவத்திலிருந்துதான் இடைவெளி விரிகிறது. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் ஏற்ற இறக்கம் சில பெண்களின் மூளையை மற்றவர்களைவிட அதிகம் பாதிக்கிறது. உடலியல் மட்டுமே காரணமில்லை. வறுமை, குடும்ப வன்முறை, ஓய்வில்லாத வீட்டுப் பொறுப்பு, சொந்த வருமானம் இல்லாமை ஆகியவையும் நோயை வளர்க்கின்றன.

தமிழ்நாட்டின் கிராமப்புறப் பெண்களிடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் 11% பெண்களுக்குப் புதிதாக மனச்சோர்வு தோன்றியிருந்தது. குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்திருந்த நிலையில் பெண் குழந்தை பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ உறவுச் சிக்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், பிரசவத்துக்குப் பின் ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை ஆகியவை நோயோடு தொடர்புடையவையாகத் தெரிந்தன. இவற்றில் எதையும் மாத்திரையால் நேரடியாக மாற்ற முடியாது. ஆனால் இவற்றைச் சமாளிக்கத் தேவையான தூக்கத்தையும் பசியையும் தெளிவையும் மீட்டுத் தர மாத்திரையால் முடியும்.

மனச்சோர்வு உள்ள பெண்கள் பலர் மருத்துவரிடம் சோகத்தைச் சொல்வதில்லை. உடம்பு வலி, அசதி, தலைச்சுற்றல், நெஞ்சுப் படபடப்பு, உடல் எரிச்சல், தூக்கமின்மை என்றுதான் சொல்கிறார்கள். இதனால் ரத்தப் பரிசோதனையும் சத்து மாத்திரையுமாகவே பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. மறுபுறம், தைராய்டு சுரப்புக் குறைவு, ரத்தசோகை, வைட்டமின் பி12 குறைவு ஆகியவையும் மனச்சோர்வைப் போன்ற அறிகுறிகளைத் தரும். அதனால் மருந்து தொடங்கும் முன் இந்தப் பரிசோதனைகளைச் செய்து பார்ப்பது நல்லது. அளவுக்கு மீறிய உற்சாகம், தூக்கமே தேவைப்படாத சுறுசுறுப்பு, கட்டுமீறிய செலவு ஆகியவை முன்பு எப்போதாவது இருந்தனவா என்றும் மருத்துவர் கேட்க வேண்டும். அப்படி இருந்திருந்தால் அது இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் நோய் மோசமாகக்கூடும்.

அச்சத்தின் வரலாறு

கர்ப்பத்தில் மருந்து என்றாலே அச்சம் எழுவதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, பாதுகாப்பான தூக்க மருந்து என்று விளம்பரப்படுத்தப்பட்டது. மசக்கை வாந்திக்கும் அதைக் கொடுத்தார்கள். கை, கால் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறக்கத் தொடங்கிய பின்னர், 1961 நவம்பரில் அது அங்கே திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தனர். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய பிரான்செஸ் கெல்சி, போதிய ஆதாரம் இல்லை என்று அனுமதி தர மறுத்ததால் அந்த நாடு பெருமளவு தப்பியது.

இந்தப் பேரழிவின் எதிரொலியாக, கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கக் கட்ட மருந்துச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று 1977-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. பெண்களைக் காப்பதற்காக வந்த இந்த ஏற்பாடு, பெண்களின் உடலில் மருந்து எப்படி வேலை செய்கிறது என்ற அறிவையே குறைத்துவிட்டது. 1993-இல்தான் இந்தத் தடை விலக்கப்பட்டது.

கர்ப்பிணிகளிடம் மருந்துச் சோதனை நடத்துவது இன்றும் அரிது. எனவே கர்ப்ப கால மருந்துகள் பற்றிய தகவல்களில் பெரும்பகுதி, மருந்து எடுத்த பெண்களின் மருத்துவப் பதிவுகளைப் பின்னோக்கி ஆராய்ந்து கிடைத்தவை. இத்தகைய ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. குழந்தைக்கு ஏற்பட்ட பாதிப்பு மருந்தால் வந்ததா, தாயின் நோயால் வந்ததா என்று பிரித்தறிவது கடினம். பத்திரிகைத் தலைப்புகளைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

மருந்துகள் வேலை செய்யும் முறை

மனச்சோர்வு மருந்துகளின் கதை காசநோயில் தொடங்குகிறது. காசநோய்க்குக் கொடுக்கப்பட்ட ஐப்ரோநையாஸிட், நோயாளிகளின் மனநிலையை உயர்த்துவதை 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர்கள் கவனித்தனர். அதே பத்தாண்டில் சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் குன், இமிப்ரமின் மனச்சோர்வைக் குறைப்பதைக் கண்டறிந்தார். 1987-இல் அமெரிக்காவில் ஃப்ளூஆக்ஸெட்டினுக்கு அனுமதி கிடைத்தது. அது எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற வகையைச் சேர்ந்தது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், பராக்ஸெட்டின் ஆகியவையும் இதே வகைதான். மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் இன்று பெரும்பாலும் முதலில் எழுதித் தரப்படுபவை இவையே.

நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள வெளியிடும் வேதிப்பொருள்களில் ஒன்று செரட்டோனின். வெளியான செரட்டோனினை அதே செல் மீண்டும் உறிஞ்சிக்கொள்வதை இந்த மருந்துகள் தடுக்கின்றன. இந்தத் தடுப்பு சில மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. ஆனால் மனநிலை தெளிய 2 முதல் 6 வாரங்கள் ஆகின்றன. மூளையில் படிப்படியாக நிகழும் மாற்றங்களே பலனைத் தருகின்றன என்று இதிலிருந்து கருதப்படுகிறது. 'மூளையில் செரட்டோனின் குறைந்துவிட்டது' என்ற எளிய விளக்கத்தை ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. விளக்கம் முழுமையாகாததால் பலன் இல்லை என்று ஆகிவிடாது. பலனைத் தனியாகச் சோதித்துப் பார்க்க முடியும், பார்த்திருக்கிறார்கள்.

21 மருந்துகள், 522 சோதனைகள், 1,16,477 பேர் என்று விரிந்த தொகுப்பாய்வு 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. 21 மருந்துகளுமே மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் தந்தன. ஆனால் வேறுபாடு மிதமானதே. மருந்து எடுக்கும் 100 பேரில் 40 முதல் 60 பேர் வரை 6 முதல் 8 வாரங்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காண்கிறார்கள். வெற்று மாத்திரையில் அது 20 முதல் 40 பேர். முதல் மருந்து பலன் தரவில்லை என்றால் அளவைக் கூட்டவோ வேறு மருந்துக்கு மாறவோ வழி உண்டு.

மனநல மருத்துவர் தரும் மாத்திரை எல்லாமே தூக்க மாத்திரைதான் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் தூக்க மாத்திரைகள் அல்ல. போதை தருபவையும் அல்ல. அல்பிரஸோலாம், குளோனஸெபாம், லோராஸெபாம், டயஸெபாம் ஆகியவை வேறு இனம். இவை அரை மணி, ஒரு மணி நேரத்தில் பதற்றத்தை அடக்கும். ஆனால் தொடர்ந்து எடுத்தால் உடல் அவற்றைச் சார்ந்துவிடும். அதனால் இவற்றை 2 முதல் 4 வாரங்களுக்கு மேல் நீட்டிக்காமல் இருப்பதே நல்லது. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் இவற்றை மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்தான பழக்கம்.

மருந்தா, பேச்சு சிகிச்சையா?

நோயின் தீவிரத்தைப் பொறுத்தே இதற்கு விடை அமையும். லேசான மனச்சோர்வுக்கு எடுத்த எடுப்பில் மருந்து கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. பேச்சு சிகிச்சை, குழு உடற்பயிற்சி போன்றவற்றை முதலில் முயலலாம். ஆனால் நோயாளி மருந்தையே விரும்பினால் அதையும் தரலாம். தீவிர மனச்சோர்வுக்கு மருந்தும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து நல்ல பலன் தருகின்றன.

பேச்சு சிகிச்சைக்கு உளவியலாளர் எங்கே கிடைப்பார் என்ற கேள்வி நியாயமானது. தெற்காசியாவில் நடந்த இரண்டு ஆய்வுகள் இதற்கு வழி காட்டியுள்ளன. கோவாவில், பயிற்சி பெற்ற சாதாரண மக்களே ஆலோசகர்களாக இருந்து 6 முதல் 8 அமர்வுகளில் சிகிச்சை அளித்தனர். 3 மாதம் கழித்துப் பார்த்தபோது 64% பேர் நோயிலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் இது 39%. பாகிஸ்தானின் கிராமங்களில் பெண் சுகாதாரப் பணியாளர்களே கர்ப்பிணிகளுக்கு இத்தகைய சிகிச்சை தந்தார்கள். பிரசவமாகி 6 மாதம் ஆனபோது சிகிச்சை பெற்றவர்களில் 23% பேரிடமே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. அந்தச் சிகிச்சை பெறாத குழுவில் 53%.

சாப்பிடவோ எழுந்து நடமாடவோ முடியாத அளவுக்குச் சோர்வு, தற்கொலை எண்ணம், முன்பு பலமுறை வந்து போன நோய் ஆகியவை இருந்தால் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

பக்க விளைவுகள்

எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்தைத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, தூக்க மாற்றம், சிலருக்குப் படபடப்பு அதிகரித்தல் ஆகியவை வரலாம். பெரும்பாலும் இவை தாமாகவே அடங்கும். பலன் தெரியும் முன்பே இந்தத் தொந்தரவுகள் வருவதால் பலர் அவசரப்பட்டு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். பாலுறவு நாட்டம் குறைவதும் உச்சம் எட்ட முடியாமல் போவதும் நீடிக்கக்கூடிய பக்க விளைவுகள். பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள்; மருத்துவர்களும் கேட்பதில்லை. சொன்னால் மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ முடியும். பராக்ஸெட்டின், வேறு வகை மனச்சோர்வு மருந்தான மிர்டாஸபின் ஆகியவற்றால் எடை கூடலாம். வயதான பெண்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பம் ஏற்படலாம். வலி மாத்திரைகளோடு சேர்த்து எடுத்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். 25 வயதுக்குட்பட்டவர்களிடம் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் அதிகரிக்கக்கூடும் என்பதால் வீட்டினர் உன்னிப்பாகக் கவனிக்க வேண்டும்.

பக்க விளைவாக அல்லாமல் நோயாகவே, சில பெண்களுக்கு மாதவிடாய்க்கு முந்தைய ஒரு வாரத்தில் மட்டும் கடும் எரிச்சலும் சோர்வும் வந்து, மாதவிடாய் தொடங்கியதும் மறைந்துவிடும். இந்த நிலையில் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் வாரக்கணக்கில் காக்க வைக்காமல் சில நாள்களிலேயே வேலை செய்கின்றன. அதனால் மாதத்தின் பிற்பாதியில் மட்டும் எடுத்துக்கொள்ளும் முறையும் உண்டு.

கர்ப்ப காலம்

மாத்திரை எடுத்துவரும் பெண் கருவுற்றது தெரிந்த அன்றே அதை நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முக்கியமான வாரங்களில் ஒரு பகுதி அதற்குள்ளாகவே கடந்திருக்கும். எனவே திடீரென நிறுத்துவதால் கிடைக்கும் பாதுகாப்பு எண்ணுவதைவிடக் குறைவு. நோய் திரும்பும் ஆபத்தோ அதிகம். முன்பு மனச்சோர்வு இருந்து மருந்தால் தேறிய 201 கர்ப்பிணிகளைக் கண்காணித்த அமெரிக்க ஆய்வு 2006-இல் வெளியானது. மருந்தை நிறுத்தியவர்களில் 68% பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 26% பேருக்கே திரும்பியது. இதற்கு முன்பு நோய் கடுமையாக இருந்தவர்களுக்கு இந்த எண்கள் மிக முக்கியமானவை.

இப்போது மருந்தின் தட்டைப் பார்க்கலாம். எந்த மருந்தும் எடுக்காத தாய்மார்களிடமும் 100 குழந்தைகளில் சுமார் 3 குழந்தைகள் ஏதேனும் பிறவிக் குறையோடு பிறக்கின்றன. எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் இந்த அளவைப் பெரிதாக உயர்த்துவதாகத் தெரியவில்லை. பராக்ஸெட்டின் குழந்தையின் இதயக் குறைபாட்டு வாய்ப்பைச் சற்றே கூட்டலாம் என்று 2005-இல் எச்சரிக்கை வந்தது. அதனால் கர்ப்பம் திட்டமிடும்போது அதைப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர்க்கிறார்கள்.

பிறந்த குழந்தையின் நுரையீரலில் ரத்த அழுத்தம் உயர்ந்தே இருக்கும் அபூர்வமான நிலை ஒன்று உண்டு. சுமார் 38 லட்சம் கர்ப்பங்களை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வில், மருந்து எடுக்காதவர்களின் குழந்தைகளில் 10,000-க்கு 21 பேருக்கும், பிந்தைய கர்ப்ப காலத்தில் எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுத்தவர்களின் குழந்தைகளில் 10,000-க்கு 32 பேருக்கும் இது இருந்தது. தாயின் நோய் உள்ளிட்ட பிற காரணங்களைக் கணக்கில் எடுத்தபோது இந்த வேறுபாடும் பெருமளவு குறைந்தது. 'ஆபத்து ஒன்றரை மடங்கு' என்று கேட்டால் பயம் வரும். '10,000-க்கு 11 பேர் கூடுதல்' என்று கேட்டால் நிதானமாக யோசிக்க முடியும். மருத்துவரிடம் எண்ணிக்கையாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதன் பயன் இதுவே.

பிறந்த சில நாள்களில் குழந்தைக்கு நடுக்கம், அழுகை, பால் குடிப்பதில் சுணக்கம் ஆகியவை வரலாம். எஸ்.எஸ்.ஆர்.ஐ. எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் ஏறக்குறைய 30% பேரிடம் இது லேசாகக் காணப்படுகிறது. பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் மறைகிறது. பிரசவத்தின்போது ரத்தப்போக்கு வாய்ப்பும் சிறிதளவு கூடுவதால் மகப்பேறு மருத்துவருக்கு மருந்து விவரம் தெரிந்திருக்க வேண்டும். ஆட்டிசத்தைப் பொறுத்தவரை, ஒரே தாயின் குழந்தைகளில் மருந்து எடுத்த கர்ப்பத்தில் பிறந்தவரையும் எடுக்காத கர்ப்பத்தில் பிறந்தவரையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் மருந்துக்கும் அதற்கும் தொடர்பு உறுதிப்படவில்லை.

இனி நோயின் தட்டு. சிகிச்சை பெறாத மனச்சோர்வால் பசி குறையும், தூக்கம் கெடும், மருத்துவப் பரிசோதனைகள் தவறிப்போகும். குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் இதனோடு தொடர்புடையவை. பிரிட்டனில் பிரசவத்துக்குப் பின் 6 வாரம் முதல் ஓராண்டு வரையான காலத்தில் தாய்மார் இறப்பதற்கான முதன்மையான நேரடிக் காரணம் தற்கொலைதான்.

எல்லா மனநல மருந்துகளும் இவ்வளவு பாதுகாப்பானவை அல்ல. இருமுனைக் கோளாறுக்கும் வலிப்புக்கும் தரப்படும் வால்ப்ரோயேட்டை எடுத்த தாய்மார்களின் குழந்தைகளில் சுமார் 10% பேருக்குப் பிறவிக் குறையும், 30 முதல் 40% பேருக்கு வளர்ச்சிக் குறைபாடும் ஏற்படுகின்றன. கருத்தரிக்கும் வயதுள்ள பெண்களுக்கு வேறு வழியே இல்லாதபோது மட்டும், உறுதியான கருத்தடை ஏற்பாட்டோடு அதைத் தருவதே முறை. அதை எடுப்பவர்களும் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிரசவத்துக்குப் பின்

பிரசவித்த முதல் வாரத்தில் அழுகையும் எரிச்சலும் வருவது மிகச் சாதாரணம். 10 நாள்களுக்குள் அது தணிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும். 1987-இல் உருவான எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகள் இதற்கு உதவும். அதன் தமிழ் வடிவமும் சரிபார்க்கப்பட்டுள்ளது. ஆயிரம் பிரசவங்களில் ஒருவர் அல்லது இருவருக்கு மனச்சிதைவு போன்ற கடுமையான நிலை, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் வரும். இல்லாத குரல் கேட்பதாகவோ குழந்தையைப் பற்றி விபரீதமாகவோ பேசினால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மாத்திரை எடுத்தால் தாய்ப்பால் தரக் கூடாது என்பது பெரும்பாலும் தவறான அறிவுரை. உடல் எடைக்கேற்பக் கணக்கிடும்போது, தாய் எடுக்கும் அளவில் 10%-க்கும் குறைவாகக் குழந்தையைச் சென்றடையும் மருந்து பொதுவாக ஏற்கத்தக்கது. செர்ட்ராலினில் இது சுமார் 3%-க்குள்தான். ஃப்ளூஆக்ஸெட்டின் உடலில் நீண்ட காலம் தங்குவதால் பாலூட்டும் தாய்க்குப் புதிதாகத் தொடங்கும்போது அது முதல் தேர்வாவதில்லை. ஏற்கெனவே ஒரு மருந்தால் நன்றாக இருப்பவர் பாலூட்டுவதற்காகவே அதை மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் எழாது.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கென்றே உருவான சுரானலோன் மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 14 நாள்கள் மட்டும் எடுக்க வேண்டிய மருந்து அது. பிரசவத்தோடு சட்டென்று குறைந்துவிடும் ஒரு ஹார்மோன் வழிப்பொருளைப் போலச் செயல்படுகிறது.

மாதவிடாய் நிற்கும் வயது

மாதவிடாய் நிற்கப்போகும் ஆண்டுகளில் மனச்சோர்வு வாய்ப்பு மீண்டும் உயர்கிறது. மனச்சோர்வு மருந்தான வென்லாஃபாக்சின் இந்த வயதில் திடீரென உடல் சூடாகி வியர்ப்பதையும் குறைக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பராக்ஸெட்டினும் ஃப்ளூஆக்ஸெட்டினும், டமாக்சிஃபென்னை உடல் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றும் கல்லீரல் நொதியைத் தடுக்கின்றன. எனவே இவர்களுக்கு வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

நிறுத்தும் முறை

தேறிய பிறகும் 6 முதல் 9 மாதங்கள் மருந்தைத் தொடர வேண்டும். பலமுறை நோய் வந்தவர்கள் 2 ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர வேண்டியிருக்கலாம். சட்டென்று நிறுத்தினால் தலைச்சுற்றல், மின்சாரம் தாக்கியது போன்ற உணர்வு, விநோதக் கனவுகள், எரிச்சல் வரலாம். 2024-இல் வெளியான தொகுப்பாய்வின்படி, மருந்தின் காரணமாகவே இவை வருவது ஏறக்குறைய 6 அல்லது 7 பேரில் ஒருவருக்கு. பராக்ஸெட்டின், வென்லாஃபாக்சின் ஆகியவற்றில் அதிகம்; ஃப்ளூஆக்ஸெட்டினில் குறைவு. வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் அளவைப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நீண்ட காலம் மருந்து எடுத்து நலமாக இருந்தவர்களிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வில், படிப்படியாக நிறுத்தியவர்களில் 56% பேருக்கும் தொடர்ந்தவர்களில் 39% பேருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. அதாவது நிறுத்தியவர்களில் பாதிக்குச் சற்றே குறைவானோர் நலமாகவே இருந்தனர். மருந்து வாழ்நாள் முழுவதும் தேவை என்ற பயம் எல்லோருக்கும் பொருந்தாது.

முடிவு யாருடையது?

இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், புரிந்துகொண்டு முடிவெடுக்கும் திறனுள்ள நோயாளியின் ஒப்புதல் தேவை என்கிறது. மனநல மருத்துவமனையில் சேர்க்கப்படும் பெண்ணிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தில் தாயையும் சேயையும் ஒன்றாகச் சேர்த்துச் சிகிச்சை தரும் பிரிவு 2009 முதல் இயங்குகிறது.

நடைமுறையில் கணவரோ மாமியாரோ 'மாத்திரை வேண்டாம், மனதைத் திடமாக வைத்துக்கொள்' என்று சொல்லி முடிவை எடுத்துவிடுகிறார்கள். சில இடங்களில் மருத்துவரே விளக்காமல் எழுதிக் கொடுத்துவிடுகிறார். இரண்டிலும் பெண்ணின் குரல் காணாமல் போகிறது. என் நோய் எவ்வளவு தீவிரம்? இந்த மருந்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு? மருந்து எடுக்காவிட்டால் என்ன ஆகும்? குழந்தை பெறும் திட்டம் இருந்தால் எது ஏற்றது? எத்தனை மாதம் எடுக்க வேண்டும், எப்படி நிறுத்துவது? இந்த ஐந்து கேள்விகளையும் கேட்க ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமை உண்டு. பொறுமையாக விடை சொல்வது மருத்துவரின் கடமை. கேட்டுவிட்டு அவள் எடுக்கும் முடிவுக்குத் துணை நிற்பது குடும்பத்தின் கடமை.

உதவி தேவைப்படுவோர் இந்தியாவில் டெலி மனாஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், இலங்கையில் தேசிய மனநல உதவிச் சேவையை 1926 என்ற எண்ணிலும் அழைக்கலாம். மருந்து எடுப்பது பலவீனமல்ல, எடுக்காமல் வேறு சிகிச்சையை நாடுவதும் தவறல்ல. எந்தச் சிகிச்சையும் இல்லாமல் தனியே துன்பத்தைத் தாங்கிக்கொண்டிருப்பது மட்டுமே தவிர்க்கப்பட வேண்டியது.